இழுவை வேண்டுமா? சைலன்சரைத் தொடாதீர்கள்!

கர்ஜத்துக்கும் லோனாவ்லாவுக்கும் இடையே ரயில் பாதை 37 அடிக்கு 1 அடி ஏறுகிறது. அங்கே ரயிலைப் பின்னாலிருந்து தள்ள பாங்கர் எஞ்சின்கள் உண்டு. பின்னால் மனைவி, பக்கத்தில் பெட்டி என்று மலைச்சாலையில் ஏறும் பழைய புல்லட்டை யார் தள்ளுவது? ஏற்றத்தில், லாரிக்கு முன்னால் எஞ்சின் நின்றுபோனால் ஆபத்து.

நம் இளைஞர்கள் உடனே சைலன்சரைக் கழற்றிவிட்டு அகன்ற குழாய் மாட்டுகிறார்கள். சத்தம் கூடும், இழுவை கூடாது. எஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதும் புகை வேகமாக வெளியேறினால்தான் சிலிண்டர் நன்றாகக் காலியாகும். அகன்ற குழாயில் அந்த வேகம் தணிந்துவிடுகிறது. மோட்டார் வாகனச் சட்டம் 190-ஆம் பிரிவின்படி அபராதம் வேறு!

வரிசையாகப் பாருங்கள். பிரேக் உரசுகிறதா? செயின் விறைப்பாக உள்ளதா? ஏர் ஃபில்டர் அடைத்துள்ளதா? அடுத்து, காண்டாக்ட் பாயிண்ட் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். அதன் பிறகே டைமிங். அது முந்தினால் ஏற்றத்தில் எஞ்சின் தட்டும். பிந்தினால் சூடேறிச் சோர்ந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் போதவில்லையா? கியர்பாக்ஸ் ஸ்ப்ராக்கெட்டில் ஒரு பல்லைக் குறையுங்கள். 17 பல்லுக்குப் பதில் 16 என்றால், பின் சக்கரத்தில் இழுவை சுமார் 6 சதவீதம் கூடும். அதே வேகத்துக்கு எஞ்சினும் அதே அளவு கூடுதலாகச் சுற்றும். சமவெளியில் பெட்ரோல் சற்று அதிகம் ஆகலாம். சரக்கு ரயில் எஞ்சினுக்கும் பயணிகள் எஞ்சினுக்கும் பல்சக்கர விகிதம் மாறுவது இதே கணக்கில்தான்.

2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.6 வண்டிகளில் பெட்ரோலை அளப்பது கம்ப்யூட்டர். அவற்றில் கை வைக்காமல் சர்வீஸ் நிலையத்துக்குக் கொண்டுபோவதே நல்லது.