வெளிச்சம் தேடும் கட்டடங்கள்

நகரின் நடுவே அலுவலகக் கட்டடங்கள் காலியாகக் கிடக்கின்றன. அதே நகரில், கட்டுப்படியான வாடகையில் வீடு கிடைக்காமல் பலர் அலைகின்றனர். அந்த அலுவலகங்களையே வீடுகளாக மாற்றிவிட்டால் என்ன? கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த யோசனையைச் செயல்படுத்துவது அவ்வளவு எளிதன்று.

அமெரிக்காவின் நியூயார்க் நகரம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அந்நகரின் நிதி நிறுவனங்கள் நிறைந்த லோவர் மன்ஹாட்டன் பகுதியில், 1990களின் தொடக்கத்தில் பல அலுவலகங்கள் காலியாயின. எனவே, அவற்றை வீடுகளாக மாற்றுவோருக்கு வரிச்சலுகை வழங்கும் திட்டம் 1995இல் கொண்டுவரப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்கு முன் எழுந்த பல கோபுரங்கள் குடியிருப்புகளாயின. 2020இல் கொவிட்-19 பரவியபோது ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கினர். அலுவலகங்கள் மீண்டும் வெறிச்சோடின.

இதில் வியப்பான செய்தி ஒன்று உண்டு. மிகப் பழைய கட்டடங்களை மாற்றுவதே எளிது! குளிர்சாதனமும் குழல்விளக்கும் பரவாத காலத்தில், காற்றும் வெளிச்சமும் சன்னல் வழியாகவே வரவேண்டியிருந்தது. அதனால், தளங்களைக் குறுகலாகக் கட்டினர். அவ்வசதிகள் வந்தபின் சன்னலிலிருந்து வெகுதொலைவிலும் மேசை போட முடிந்தது, தளங்கள் அகன்றன. அலுவலகத்திற்கு இது வசதி, வீட்டிற்கோ பெருங்குறை. நியூயார்க் சட்டப்படி, வரவேற்பறைக்கும் படுக்கையறைக்கும் சன்னல் இருக்க வேண்டும். அகன்ற தளத்தின் நடுப்பகுதியில் சன்னலுக்கு வழியேது?

தண்ணீர்க் குழாய்களும் ஒரு சிக்கலே. அலுவலகத்தில் கழிவறைகள் ஒரே இடத்தில் இருக்கும். ஆனால், ஒவ்வொரு வீட்டிற்கும் தனிச் சமையலறையும் குளியலறையும் தேவை. அதற்காகத் தளந்தோறும் துளையிட்டுப் புதிய குழாய்களைப் பொருத்த வேண்டும்.

வாட்டர் ஸ்திரீட்டில் 1960களின் இறுதியில் கட்டப்பட்ட 22 மாடிக் கட்டடம் ஒன்றில், வெளிச்சத்திற்குத் துணிச்சலான வழி காணப்பட்டது. அதன் நடுவே இரண்டு இடங்களைக் குடைந்து திறந்த முற்றங்கள் அமைத்தனர். நம் கடைவீடுகளின் நடுவே வெளிச்சத்திற்காக விடப்பட்ட திறந்தவெளியைப் போன்றவை அவை. குடைந்ததால் இழந்த இடத்தை ஈடுசெய்ய, உச்சியில் பத்து மாடிகளைச் சேர்த்தனர். இன்று அங்கு 1,300க்கும் மேற்பட்ட வீடுகள் உள்ளன. அவற்றில் நான்கில் ஒரு பங்கு, வருமான வரம்புக்கு உட்பட்டோருக்குக் குறைந்த வாடகையில் ஒதுக்கப்பட்டவை.

சிங்கப்பூரிலும் நகர மறுசீரமைப்பு ஆணையம் 2019இல் ஒரு திட்டத்தை அறிவித்தது. மத்திய வர்த்தக வட்டாரத்தின் சில பகுதிகளில், குறைந்தது 20 ஆண்டுப் பழைமையான அலுவலகக் கட்டடங்களை வீடுகளும் ஹோட்டல்களும் கலந்த கட்டடங்களாக்க அது ஊக்கமளிக்கிறது. ஆனால், இங்குப் பெரும்பாலும் பழையதை இடித்துவிட்டே புதியதைக் கட்டுகின்றனர். ஷென்டன் வேயில் 1986இல் எழுந்த 52 மாடிக் கோபுரமும் அவ்வாறே இடிக்கப்பட்டது.

இடித்துக் கட்டினால் விரும்பியபடி வடிவமைக்கலாம். ஆனால், புதிய சிமெண்டையும் எஃகையும் உற்பத்தி செய்யும்போது பெருமளவு கரியமில வாயு வெளியாகிறது. பழைய தூண்களையும் தளங்களையும் காப்பாற்றினால் அதைக் குறைக்கலாம். எனவே, ஒரு கட்டடத்தை இடிப்பதற்கு முன், அதன் வயதை மட்டும் பார்த்தால் போதாது. அதன் நடுப்பகுதிவரை வெளிச்சத்தைக் கொண்டுவர முடியுமா என்பதையும் ஆராய வேண்டும்.