பல செயலிகள் பகிரும் எழுத்துருக் கேச்

லினக்ஸ் கணினியில் ஃபயர்பாக்ஸோ லிப்ரே ஆஃபிஸோ ஒரு வரியைத் திரையில் இடுவதற்கு முன், அங்குள்ள எழுத்துருக்களுள் எது எந்தெந்த எழுத்துகளைக் கொண்டுள்ளது என்பதை அறிந்தாக வேண்டும். அதை எல்லாச் செயலிகளுக்கும் பொதுவாகத் தேடித் தருவது, கீத் பேக்கார்ட் தொடங்கிய ஃபான்ட்கான்ஃபிக் என்னும் மென்பொருள் நூலகமாகும். இவ்விவரங்களை அறிய ஒவ்வோர் எழுத்துருக் கோப்பையும் திறந்து அலச வேண்டியிருப்பதால், எழுத்துருக்கள் நூற்றுக்கணக்கில் இருக்கையில் ஒவ்வொரு செயலியும் அவ்வேலையைத் தானே செய்யப் புகுந்தால் அதன் தொடக்கமே தாமதமாகும். ஆகவே ஒருமுறை கண்டறிந்தவை, கேச் எனப்படும் சேமிப்புக் கோப்பில், எழுத்துருக்கள் இருக்கும் அடைவு ஒன்றுக்கு ஒரு கோப்பாகப் பதிந்து வைக்கப்படுகின்றன. எழுத்து வடிவங்கள் அதில் இடம்பெறுவதில்லை. குடும்பப் பெயர், தடிமன், சாய்வு ஆகியவற்றோடு, யூனிகோடில் எந்த எழுத்துகளுக்கு அவ்வெழுத்துருவில் வடிவம் உண்டு என்ற குறிப்பும் இருக்கும். ஆங்கில எழுத்துருவில் அமைந்த ஆவணத்தில் ஒரு தமிழ்ச் சொல் வரும்போது மாற்று எழுத்துரு தெரிவாவது இக்குறிப்பைக் கொண்டே.

இக்கோப்பைச் செயலிகள் தனித்தனியே நகலெடுப்பதில்லை. இயக்குதளம் கோப்பின் ஒரே பிரதியை நினைவகத்தில் வைத்து, அதையே எல்லாவற்றுக்கும் காட்டுகிறது. ஆயினும் ஒவ்வொரு செயலியிலும் அது வெவ்வேறு முகவரியில் அமரக்கூடும் என்பதால், உள்ளே நிலையான முகவரிகளை எழுதாமல், ஒரு விவரம் இன்னொன்றிலிருந்து எத்தனை பைட்டுகள் தள்ளி உள்ளது என்ற இடைவெளியே எழுதப்படுகிறது.

புதிய எழுத்துரு நிறுவப்பட்டதும் அடைவின் மாற்ற நேரம் கேச்சில் பதிந்த நேரத்தோடு பொருந்தாது போவதால், கேச் மீண்டும் எழுதப்பட வேண்டும். இரு செயலிகள் ஒருசேர அதில் இறங்கினால் கோப்பு சிதையும். இதைத் தடுப்பது பூட்டுக் கோப்பு: ஒரு நேரத்தில் ஒரு செயலியால் மட்டுமே உருவாக்கக்கூடிய அக்கோப்பைப் பெற்றதே எழுதலாம். மிக நுட்பமான ஏற்பாடு இதற்குப் பின்னர்தான் வருகிறது. எழுதும் செயலி பழைய கேச்சைத் தொடாமல், தனிக் கோப்பில் முழுவதையும் எழுதி முடித்து, ஒரே அடியில் பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் வைக்கிறது. பழையதைப் படித்துக்கொண்டிருக்கும் செயலிகளோ, தாம் விடுவிக்கும் வரை அதன் உள்ளடக்கத்தை இழப்பதில்லை. படிப்பவற்றுக்குப் பூட்டே தேவைப்படாமல் போவது இதனால்தான்.

எழுதும் செயலி பாதியில் முடங்கினால் பூட்டு அப்படியே தங்கிவிடும் என்பதால், 10 நிமிடங்களுக்கு மேற்பட்ட பூட்டைக் கைவிடப்பட்டதாகக் கருதி அடுத்துவரும் செயலி நீக்கிவிடுகிறது.