பனியில்லா மலையிலும் குளிர்

மலைக்குளிர் என்றதும் பனி மூடிய சிகரங்களே பலரின் நினைவுக்கு வரும். 1997ஆம் ஆண்டு மே 23ஆம் நாள் எம்.மகேந்திரனும் என்.மோகன்தாசும் எவரெஸ்டு சிகரத்தை அடைந்தனர். அங்குக் கால் பதித்த முதல் மலேசியர்கள் இவர்களே. அத்தகைய சிகரத்தில் குளிர் உயிரைப் பறிக்கும் என்பது எல்லாரும் அறிந்ததே. ஆனால், ஜொகூரின் லேடாங் மலையிலும் ஒருவர் குளிரால் ஆபத்துக்கு உள்ளாகலாம் என்றால் எத்தனை பேர் நம்புவார்கள்?

தங்காக் மாவட்டத்தில் உள்ள லேடாங், 1,276 மீட்டர் உயரம் கொண்டது. ஜொகூரின் மிக உயர்ந்த மலையும் இதுவே. ஒரே நாளில் ஏறி இறங்கும் எண்ணத்தோடு காலையிலேயே புறப்படுவோர் பலர். உயரம் 100 மீட்டர் கூடும்போது வெப்பநிலை ஏறத்தாழ 0.6 பாகை செல்சியஸ் குறையும். அடிவாரத்தில் 30 பாகை இருந்தால் உச்சியில் 23 பாகை இருக்கலாம். குளிரூட்டி பொருத்திய அறையின் குளிர்தான் அது. அப்படியானால் ஆபத்து எங்கிருந்து வருகிறது?

ஈரத்திலிருந்து வருகிறது. காற்றைவிட நீர் ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்தும். ஏறும்போது வியர்வையில் நனைந்த பருத்திச் சட்டை எளிதில் உலர்வதில்லை. நவம்பர் முதல் மார்ச்சு வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்று மழையையும் கொண்டுவரும். மரங்கள் குறைந்த உச்சிப் பகுதியில் காற்று பட்டதும், ஈர உடை உடலின் வெப்பத்தை இடைவிடாமல் உறிஞ்சும். களைப்பும் பசியும் சேர்ந்துவிட்டால், இழந்த வெப்பத்தை உடலால் ஈடுசெய்ய முடியாது. வழி தவறி இரவைக் காட்டில் கழிக்க நேர்ந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்குவதையே மருத்துவர்கள் உடல்வெப்பக் குறைவு என்கின்றனர்.

பனிமலையில் நடப்பவர்கள் இதை நன்கு அறிவார்கள். அவர்கள் மூன்று அடுக்காக உடுத்துகின்றனர். உள்ளே வியர்வையை வெளியேற்றும் துணி, நடுவில் வெப்பத்தைக் காக்கும் கம்பளி, வெளியே காற்றையும் நீரையும் தடுக்கும் மேலங்கி. இவற்றைவிட முக்கியமானது இன்னொரு பழக்கம். வியர்க்கத் தொடங்கும் முன்பே ஓர் அடுக்கைக் கழற்றுவார்கள். ஓய்வெடுக்க நின்றதும் உடனே அணிந்துகொள்வார்கள். லேடாங்கிற்குக் கம்பளி தேவையில்லை. விரைவில் உலரும் விளையாட்டுச் சட்டை, மழையங்கி, நீர் புகாதபடி நெகிழிப் பையில் கட்டிய ஒரு மாற்றுடை ஆகியவை போதும். தலைவிளக்கையும் சேர்த்துக்கொள்ளலாம். மாலை ஏழு மணியளவில்தான் சூரியன் மறையும் என்றாலும், அடர்ந்த காட்டுக்குள் அதற்கு முன்பே இருள் சூழ்ந்துவிடும்.

பனிமலையோரிடமிருந்து கற்க வேண்டிய மற்றொன்று, திரும்பும் நேரத்தைப் புறப்படும் முன்பே முடிவு செய்வது. உச்சி கண்ணுக்குத் தெரிந்தாலும், குறித்த நேரம் வந்துவிட்டால் திரும்பிவிட வேண்டும். இதைச் சொல்வது எளிது. இன்னும் அரைமணி நேரம்தான் என்று நண்பர்கள் கெஞ்சும்போது கடைப்பிடிப்பது கடினம். லேடாங்கின் செங்குத்தான பகுதிகளில் ஏணிகளையும் கயிறுகளையும் பிடித்துத்தான் ஏறி இறங்க வேண்டும். மழையில் அவை வழுக்கும். சோர்ந்த கால்களுக்கு ஏற்றத்தைவிட இறக்கமே பெரிய சோதனை.

உடல்வெப்பம் குறைந்தவர் தம் நிலையைத் தாமே உணர்வது அரிது. உடன் வருபவர்தான் கவனிக்க வேண்டும். முதலில் நடுக்கம் வரும். பிறகு பேச்சு குழறும், நடை தள்ளாடும், சட்டைப் பொத்தானைக்கூடப் போட இயலாமல் விரல்கள் தடுமாறும். நடுக்கம் திடீரென நின்றுவிட்டால் அவர் தேறிவிட்டார் என்று எண்ணக்கூடாது. வெப்பத்தை உண்டாக்கும் ஆற்றலை உடல் இழந்துவிட்டதன் அறிகுறியாக அது இருக்கலாம்.

அத்தகையவரைக் காற்று படாத இடத்தில் அமர்த்தி, ஈர உடையை மாற்றி, உலர்ந்த துணியால் தலையையும் உடலையும் போர்த்த வேண்டும். ஈரத்தரையில் நேரடியாக உட்கார வைக்காமல், முதுகுப்பையை அடியில் இடலாம். நல்ல நினைவோடு இருந்தால் மட்டுமே இனிப்பான சூடான பானம் கொடுக்கலாம். கைகால்களைத் தேய்க்கக்கூடாது. ஒருவர் அவர் அருகிலேயே இருக்க, மற்றவர் மலை வழிகாட்டிக்குத் தெரிவித்து 999 எண்ணை அழைக்க வேண்டும்.