ஈயம் பூசும்போது என்ன நடக்கிறது?

இரும்பு துருப்பிடிப்பது வேதிமாற்றம். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. இந்த வாரம் அவ்வளவு சுலபமாகத் தீர்ப்புச் சொல்ல முடியாத ஓர் இடத்துக்குப் போவோம்: பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரின் கரி அடுப்பு. (ஈயம் என்றால் இங்கே வெள்ளீயம். காரீயம் வேறு, அது நஞ்சு.)

முதல் வேலை, பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்ப்பது. பார்க்க வெறும் கழுவல்தான். ஆனால் பித்தளைமேல் கறுத்துக் கிடப்பதில் தாமிர ஆக்சைடு இருக்கிறது. புளியின் அமிலம் அதைத் தாமிர உப்பாக்கிக் கரைத்துவிடுகிறது. சத்தமில்லாமல் ஒரு வேதிமாற்றம். மணலால் சுரண்டியிருந்தால் அதே கறுப்பு, ஆக்சைடாகவே உதிர்ந்திருக்கும். அது இயற்பியல் மாற்றம். பளபளப்பை மட்டும் பார்த்து எது நடந்தது என்று சொல்ல முடியாது.

அடுத்து துருத்தி, நெருப்பு. சூடேறிய பாத்திரத்தில் ஈயக் கட்டியைத் தேய்த்ததும் உருகி ஓடுகிறது. வேடிக்கை பார்ப்பவர்களுக்கு இதுதான் வித்தை. வேதியியலுக்கு இதில் வேலையே இல்லை. 232 டிகிரி செல்சியஸில் உருகும், ஆறினால் அதே வெள்ளீயம். ரசம் வற்றிய ஈயச்சொம்பை அடுப்பில் மறந்தவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். ரசம் இருக்கும்வரை சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். வற்றிவிட்டால் சொம்பும் போச்சு. உருகியதைத் திரட்டி மறுபடி வார்க்கலாம். ஆனால் உருகிய ஈயத்தின்மேல் படிகிற சாம்பல்நிற ஆடை ஆக்சிஜனோடு சேர்ந்துவிட்டது. ஆறவைத்தாலும் அது ஈயமாகாது.

நவச்சாரம் இன்னும் பொல்லாதது. தூவியதும் வெண்புகை குபுகுபுவென எழும்பும். பள்ளியில் பதங்கமாதலுக்கு உதாரணமாக இதைத்தான் எழுதி மதிப்பெண் வாங்கினோம்: திண்மம் ஆவியாகித் திண்மமாகவே திரும்புகிறது, ஆகவே இயற்பியல் மாற்றம். உண்மையில் அது சூட்டில் அம்மோனியா, ஹைட்ரஜன் குளோரைடு என்ற இரண்டு வாயுக்களாகப் பிரிகிறது. மேலே குளிர்ந்த காற்றில் இரண்டும் கூடி மறுபடி நவச்சாரத் தூளாகின்றன. புகையாகத் தெரிவது அந்தத் தூள்தான். பழைய பொருளே திரும்பக் கிடைத்தாலும் இடையில் நடந்தவை இரண்டு வேதிமாற்றங்கள். பிரிந்த ஹைட்ரஜன் குளோரைடு, மிச்சமிருக்கும் ஆக்சைடையும் தின்று ஈயம் பிடிக்க வழிசெய்கிறது.

கடைசியில் பஞ்சால் ஒரு துடைப்பு. பூச்சு பெயின்ட் மாதிரி மேலே ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை. இரு உலோகங்களும் தொடும் இடத்தில் ஆறு தாமிர அணுவுக்கு ஐந்து வெள்ளீய அணு என்ற கணக்கில் ஒரு புதுப் படிகம் உருவாகிறது. தாமிரமும் வளையும், ஈயமும் வளையும். இது வளையாது, நொறுங்கும். உப்புமில்லை, ஆக்சைடுமில்லை, இன்னமும் உலோகம்தான். உலோகக்கலவைதானே, வெறும் கலவை என்று தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. விகிதமும் படிக அமைப்பும் குணமும் புதிது என்பதால் நான் இதை வேதிமாற்றத்தில்தான் சேர்ப்பேன். செல்போன் பலகையில் தாமிரத்தின்மேல் சால்டர் வைத்த இடங்களிலும் இதே மெல்லிய அடுக்குதான் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அடுத்த வாரம்: எதனோடும் சேராமலே, 13 டிகிரிக்குக் கீழே நெடுநாள் குளிரில் கிடந்து சாம்பல்நிறத் தூளாக உதிரும் வெள்ளீயம்.

(தொடரும்)