கழித்தல் கணக்கு போடும் அலுவலகம்

ஒரு தெருவில் மூன்று பேர். பால்காரர் மளிகைக்கடைக்காரருக்கு 900 ரூபாய் பாக்கி. மளிகைக்கடைக்காரர் தையற்காரருக்கு 800 ரூபாய் பாக்கி. தையற்காரரோ பால்காரருக்கு 700 ரூபாய் தர வேண்டும். தனித்தனியாகத் தீர்ப்பதென்றால் 2,400 ரூபாய் கைமாற வேண்டும். தெருமுனைப் பெரியவர் ஒருவர் மூன்று பாக்கியையும் ஒரே தாளில் எழுதிப் பார்க்கிறார். பால்காரர் தர வேண்டியது 900, அவருக்கு வர வேண்டியது 700. ஆக, 200 தந்தால் போதும். மற்ற இருவருக்கும் நிகரமாக வர வேண்டியது ஆளுக்கு 100. பால்காரர் இரண்டு நூறு ரூபாய் நோட்டுகளை எடுத்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுக்கிறார். 2,400 ரூபாய்ப் பாக்கி 200 ரூபாயில் தீர்ந்துவிட்டது.

அந்தப் பெரியவரின் வேலையை நாடுகளுக்காகச் செய்யும் அலுவலகம் ஒன்று தெஹ்ரானில் இருக்கிறது. ஆசியத் தீர்ப்பனவு ஒன்றியம் என்று பெயர். தீர்ப்பனவு என்றால் பரஸ்பரப் பாக்கிகளை ஒன்றோடொன்று கழித்து, மிச்சத்தை மட்டும் பணமாகக் கொடுத்து முடிப்பது. 1974 டிசம்பர் 9 அன்று இந்தியா, ஈரான், இலங்கை, நேபாளம், பாகிஸ்தான், வங்கதேசம் ஆகிய ஆறு நாடுகளோடு தொடங்கியது. பிறகு மியான்மர், பூட்டான், மாலத்தீவு வந்து சேர, ஒன்பது ஆனது.

இதைப் பெற்றெடுத்தது இன்னொரு வட்டார அலுவலகம். ஆசியாவுக்கான ஐ.நா. பொருளாதார ஆணையம் 1947இல் ஷாங்காயில் தொடங்கி, 1949இல் பாங்காக்குக்குக் குடிபெயர்ந்தது. அதன் முதல் நிர்வாகச் செயலாளர் பி. எஸ். லோகநாதன், சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் கற்பித்தவர். மேகாங் ஆற்றைப் பங்கிட்டுக்கொள்ளும் நாடுகளுக்கான குழு 1957இல் உருவானதும், 1966இல் ஆசிய வளர்ச்சி வங்கி பிறந்ததும் இந்த ஆணையத்தின் முயற்சியால்தான். யாருக்கும் உத்தரவிடும் அதிகாரம் இல்லாத அலுவலகம் அது. கூட்டம் கூட்டுவதும் வரைவு எழுதுவதும்தான் அதன் ஆயுதங்கள். அதற்கே இவ்வளவு!

பக்கத்து நாடுகள் வாங்கி விற்பதற்கு நடுவில் ஒரு கணக்குப்பிள்ளை எதற்கு? கொழும்பில் செல்லும் ரூபாய் மும்பையில் செல்லாது; டாக்கா நகரில் செல்லும் டாகா நாணயம் கராச்சியில் செல்லாது. வெங்காயம் கடந்து வரும் கடல் குறுகியதுதான். ஆனால் அதற்கான விலை டாலராக வேண்டும், அந்த டாலரோ நியூயார்க் வங்கிக் கணக்கு வழியாகச் சுற்றிவர வேண்டும். 1973இல் எண்ணெய் விலை எகிறியபோது கையிருப்பு டாலரெல்லாம் பெட்ரோலுக்கே போனது. அண்டை நாட்டோடு வணிகம் செய்யவும் அதையே செலவழிப்பானேன் என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்தான் தெஹ்ரான்.

தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு 10,000 டாலர் மதிப்புள்ள வெங்காயம் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கொழும்பு வணிகர் தன் வங்கியில் இலங்கை ரூபாயைக் கட்டுகிறார். அந்த வங்கி இலங்கை மத்திய வங்கியிடம் கட்டுகிறது. மத்திய வங்கி நம் ரிசர்வ் வங்கிக்குச் சொல்லி அனுப்ப, தூத்துக்குடிக்காரரின் வங்கிக்குப் பணம் கிடைத்துவிடுகிறது. ஏற்றுமதி செய்தவரின் வேலை முடிந்தது. ஆனால் இலங்கையிலிருந்து ஒரு டாலர்கூட இன்னும் கிளம்பவில்லை. கிளம்பியது ஒரு தகவல்தான்: இலங்கை பற்று 10,000, இந்தியா வரவு 10,000. தெஹ்ரான் பேரேட்டில் அது ஒரு வரி.

இப்படி இரண்டு மாதம் வரிகள் சேர்கின்றன. இலங்கையிலிருந்து பாகிஸ்தானுக்குத் தேயிலை, இந்தியாவிலிருந்து வங்கதேசத்துக்குப் பருத்தி என்று எல்லாம் அதே பேரேட்டில்தான். இரண்டாம் மாத முடிவில் செயலகம் கூட்டிக் கழித்து, யார் யாருக்கு எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று எழுதி அனுப்பும். அப்போதுதான் உண்மையான டாலர் நகரும். தான் எதுவுமே வாங்காத நாட்டுக்குக்கூட ஒரு நாடு பணம் அனுப்ப நேரலாம், பால்காரர் தையற்காரருக்கு நூறு ரூபாய் கொடுத்தாரே, அதுபோல.

ஒன்பது நாடுகள் இரண்டிரண்டாகத் தனித்தனியே கணக்கு வைத்தால் 36 கணக்குகள் வேண்டும். நடுவில் ஒருவர் இருந்தால் ஒன்பதே எண்கள். அந்த ஒன்பதையும் கூட்டினால் விடை எப்போதும் பூஜ்யம்தான், ஏனென்றால் ஒருவரின் பற்று இன்னொருவரின் வரவு. ஒரு சென்ட் பிசகினாலும் எங்கோ யாரோ தப்பாக எழுதிவிட்டார் என்று தெரிந்துவிடும். கணக்கே தனக்குக் காவல் நிற்கிறது!

அந்த இரண்டு மாதமும் வெறும் காத்திருப்பு அல்ல. இன்று வெங்காயத்தால் ஏறிய பாக்கியை அடுத்த மாதத் தேயிலை இறக்கிவிடலாம். நாடுகளுக்கிடையே கழிவதோடு, நாட்களுக்கிடையேயும் கழிகிறது. கெஞ்சாமல், கையெழுத்துக்கு அலையாமல் கிடைக்கும் கைமாற்று என்றே சொல்லலாம். ஆனால் இலவசமல்ல. அன்றன்றைய நிலுவைக்கு வட்டி உண்டு.

யோசனை பழையது. லண்டன் வங்கிகளின் குமாஸ்தாக்கள் காசோலைகளைத் தூக்கிக்கொண்டு வங்கி வங்கியாக நடந்து அலுத்துப்போய், 18ஆம் நூற்றாண்டிலேயே ஓரிடத்தில் கூடி மாற்றிக்கொள்ளத் தொடங்கினார்கள். கணினியின் தந்தை என்று நாம் கொண்டாடும் சார்லஸ் பாபேஜ் அந்த இடத்தைப் பற்றி 1830களில் வியந்து எழுதினார். நாளொன்றுக்குச் சுமார் 25 லட்சம் பவுன் காசோலைகள் தீர்கின்றன, கைமாறுவதோ 2 லட்சம் பவுன் நோட்டும் 20 பவுன் நாணயமும்தான் என்பது அவர் தரும் கணக்கு. போரில் நொடித்த ஐரோப்பா 1950 முதல் 1958 வரை இதே உத்தியை நாடுகளுக்கிடையே நடத்தியது. அங்கே பத்தில் ஏறக்குறைய ஏழு பங்குப் பாக்கி தங்கமோ டாலரோ கேட்காமல் கழித்தலிலேயே கரைந்தது.

தெஹ்ரானில் அவ்வளவு கரையவில்லை. கழிக்க வேண்டுமென்றால் இரு பக்கமும் எண் இருக்க வேண்டும். ஒருவர் எப்போதும் விற்பவர், இன்னொருவர் எப்போதும் வாங்குபவர் என்றால் பெரியவரின் தாளில் அடிப்பதற்கு ஒன்றுமில்லை. இந்தியாவோடு நேபாளமும் பூட்டானும் செய்யும் வணிகம் பெரும்பாலும் இந்திய ரூபாயிலேயே நடப்பதால் இந்தப் பேரேட்டுக்கே வருவதில்லை. மற்ற நாடுகளுக்குப் பெரும்பாலும் விற்கும் பக்கமே நின்ற இந்தியாவின் கணக்கில், கழித்தலுக்கு நல்ல தீனியாக இருந்தது ஈரானிடம் வாங்கிய கச்சா எண்ணெய். 2010 டிசம்பரில், ஈரான் மீதான அமெரிக்க நெருக்கடியின் நடுவே, அந்தக் கணக்கை ஒன்றியத்துக்கு வெளியே வைக்கும்படி ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது.

2022இல் இலங்கையிடம் டாலர் தீர்ந்தது. எரிபொருளுக்குக் கொழும்பில் வரிசை நின்ற நாட்களில், தெஹ்ரான் கணக்கில் இந்தியாவுக்குத் தர வேண்டியதும் தள்ளிப்போனது. ரிசர்வ் வங்கி பொறுத்துக்கொண்டு தவணை நீட்டித்தது. இரண்டு மாதக் கைமாற்று ஆபத்துக்கால உதவியாக மாறியது. ஜூலையில் இந்திய இலங்கை வணிகம் ஒன்றியத்துக்கு வெளியே போக வழிவிடப்பட்டது. அக்டோபர் 14 முதல் இலங்கையின் பங்கேற்பு தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது. தாளில் ஒரு வரி குறைந்தது. மீதி எட்டையும் கூட்டினால் அப்போதும் பூஜ்யம்தான்.