அப்டேட் பண்ணதும் ஆப் கிராஷ் ஆகுதா? டேட்டாவை அழிக்கும் முன் இதைப் பாருங்க

நேற்று வரை ஒழுங்காக ஓடிய ஆப், அப்டேட் செய்ததும் திறந்த வேகத்தில் மூடிக்கொள்கிறது. கஸ்டமர் கேரில் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: "அன்இன்ஸ்டால் பண்ணிட்டு மறுபடி போடுங்க சார்." போட்டால் ஆப் ஓடிவிடும். ஆனால் போனில் மட்டுமே சேமித்திருந்த கடைக் கணக்கு போனது போனதுதான். இப்படிப்பட்ட கிராஷ்களுக்குப் பின்னால் பல நேரம் இருப்பது சீரியலைசேஷன் பிழை.

அது என்ன சீரியலைசேஷன்?

ஆப் ஓடும்போது தகவல்கள் மெமரியில் 'ஆப்ஜெக்ட்'களாக இருக்கும். அவற்றை ஃபைலில் சேமிக்க வேண்டுமென்றால் பைட் வரிசையாக மாற்றியாக வேண்டும். வீடு மாறும்போது கட்டிலைக் கழற்றி எடுத்துப்போய், புது வீட்டில் பூட்டுகிறோமே, அது மாதிரி. கழற்றும்போது வரும் சிக்கல் பெரும்பாலும் டெவலப்பரின் மேஜையிலேயே தெரிந்துவிடும். உதாரணம், 'நாட் சீரியலைசபிள் எக்செப்ஷன்'. எந்த கிளாஸ் மாட்டியது என்று பிழைச் செய்தியே பெயர் சொல்லிவிடும். பூட்டும்போது வருவதுதான் வம்பு. அது பயனரின் போனில், பழைய ஃபைலைப் புது ஆப் திறக்கும் நாளில்தான் வரும்.

நம்பர் மாறினால் கதவு மூடும்

ஆண்ட்ராய்டில் ஜாவாவின் 'சீரியலைசபிள்' முறையைப் பயன்படுத்தினால், ஒவ்வொரு கிளாஸுக்கும் 'சீரியல் வெர்ஷன் யுஐடி' என்று ஒரு எண் உண்டு. டெவலப்பர் அதை எழுதாவிட்டால், கிளாஸின் பெயர், ஃபீல்டுகள், மெத்தடுகள் ஆகியவற்றை வைத்து ஜாவாவே கணக்கிட்டுக்கொள்ளும். புதிதாக ஒரு பப்ளிக் மெத்தட் சேர்த்தால்கூடப் போதும், எண் மாறிவிடும். பழைய ஃபைலைத் திறந்தால் 'இன்வேலிட் கிளாஸ் எக்செப்ஷன்'.

இதில் நல்ல விஷயம், ஃபைல் கெட்டுப்போகவில்லை. தகவல் அப்படியே இருக்கிறது. ஃபைலில் உள்ள எண், இப்போதைய கிளாஸின் எண் இரண்டும் கிராஷ் லாகிலேயே வந்துவிடும். ஃபைலில் உள்ள பழைய எண்ணைப் புது கிளாஸில் அப்படியே எழுதி அடுத்த அப்டேட்டை விட்டால், பெரும்பாலும் கதவு திறந்துவிடும். புதிதாகச் சேர்த்த ஃபீல்டுகள் மட்டும் பூஜ்யமாகவோ 'நல்'லாகவோ வரும். ஏற்கெனவே இருந்த ஃபீல்டின் வகையையே மாற்றியிருந்தால் இந்த வைத்தியம் பலிக்காது. தாமதமும் ஆகாது: புது எண்ணோடு சேமிக்கப்படும் ஃபைல்கள் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும்.

எக்செப்ஷனைப் பிடித்து, சத்தமில்லாமல் ஃபைலை அழித்துவிடும் கோடும் உண்டு. கிராஷ் நின்றுவிடும், புகார் மட்டும் நிற்காது.

"என் போன்ல ஓடுதே!"

டெவலப்பர்கள் அடிக்கடி சொல்லும் இந்த வசனத்துக்குக் காரணம் சில நேரம் ஆர்8. ரிலீஸ் பில்டில் கோடைச் சுருக்கும்போது இது ஃபீல்டுகளின் பெயரை 'ஏ', 'பி' என்று மாற்றிவிடும். கூகுளின் ஜிசான் லைப்ரரி, ஜேசானில் உள்ள பெயரை ஃபீல்டு பெயரோடுதான் பொருத்திப் பார்க்கும். பொருந்தாவிட்டால் பிழை எதுவும் சொல்லாது, ஃபீல்டை 'நல்'லாக விட்டுவிடும். காட்லினில் 'நல் வரவே வராது' என்று அறிவித்த ஃபீல்டிலும் இப்படி நல் நுழைந்துவிடும். கிராஷ் வேறெங்கோ நடக்கும். அதைவிட மோசம், ஒரு பில்டில் 'ஏ' என்றால் வாடிக்கையாளர் பெயர், அடுத்த பில்டில் அதே 'ஏ' வேறு ஒன்றாக இருக்கலாம். ஒவ்வொரு ஃபீல்டுக்கும் 'சீரியலைஸ்டு நேம்' கொடுத்துப் பெயரை நிலையாக வைப்பதுதான் வழி.

'டிரான்சாக்‌ஷன் டூ லார்ஜ்' என்று வந்தால் விஷயமே வேறு. ஸ்கிரீன்களுக்கு இடையே தகவல் போகும் பைண்டர் பஃபரின் அளவு 1 எம்பி. அதுவும் அந்த ஆப்பின் எல்லாப் பரிமாற்றத்துக்கும் சேர்த்து. போட்டோவையே அனுப்பாமல், அதன் ஐடியை அனுப்பினால் போதும்.

இவற்றில் பாதியை ரிலீஸுக்கு முன்பே பிடிக்கலாம். இப்போது ஸ்டோரில் இருக்கும் பழைய பதிப்பைப் போட்டு, நாலைந்து கணக்குகளைச் சேமித்து, அதை அழிக்காமல் அதன் மேலேயே புது ரிலீஸ் பில்டை நிறுவித் திறந்து பார்க்க வேண்டும். பத்து நிமிட வேலை.