உரோமானிய நாணயங்களில் சூரியத் தேர்: செஞ்சி வட்டாரச் சேகரிப்புகளை ஆராய்வதற்கான அடையாள நெறிகள்

முன்னுரை

செஞ்சி பெரும்பாலும் இடைக்காலக் கோட்டை நகரமாகவே ஆராயப்பட்டு வந்துள்ளது. எனினும், அம்மலைப் பகுதியில் தோன்றும் செஞ்சியாறு சங்கராபரணி என்னும் பெயரும் பெற்றுக் கிழக்கே ஓடிப் புதுச்சேரிக்கு அருகில் கடலை அடைகிறது. அதன் கழிமுகப் பகுதியிலுள்ள அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழாய்வு, உரோமானிய வணிகத் தொடர்பைத் தெளிவுபடுத்தியது. ஆதலால் செஞ்சி வட்டாரத்தில் உறுதியான கிடைப்பிடத்துடன் ஓர் உரோமானியக் காசு பதிவாகுமாயின், அது துறைமுகத்திலிருந்து உள்நாட்டிற்குச் சென்ற வழியைக் காட்டும் சான்றாக அமையும். சேகரிப்பாளர்கள் பெரிதும் விரும்பும் நான்கு குதிரைத் தேர்க் காசுகளைக் கொண்டு, அத்தகைய சான்றை மதிப்பிடும் நெறிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

தேரும் தேரூர்பவரும்

தேர் உருவம் மட்டும் சூரியக் கடவுளைச் சுட்டிவிடாது. கதிர்முடியே முதன்மை அடையாளம். கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி ஔலஸ் மான்லியஸ் வெளியிட்ட வெள்ளித் தெனாரியஸில், சோல் என்னும் சூரியக் கடவுள் நேர்முகமாகத் தேரில் எழுகிறார். பிறையும் விண்மீன்களும் உடனுள்ளன. புரோபஸ் (கி.பி. 276–282) காலக் காசுகளில் இரு குதிரைகள் இடப்புறமும் இரு குதிரைகள் வலப்புறமும் பாய, ‘சோலி இன்விக்டோ’ (வெல்லப்படாத சூரியனுக்கு) என்னும் வாசகம் காணப்படுகிறது. அவுரேலியன் 274இல் உரோமில் சூரியனுக்குக் கோயில் எடுத்ததன் தொடர்ச்சியாக இதனைக் கொள்ளலாம்.

இவற்றோடு மயங்கத்தக்கவை இரண்டு. திபேரியஸ் ஆட்சித் தொடக்கத்தில் வெளிவந்த தேர்க் காசில் பேரரசரே வாகைக் கிளையும் கழுகுச் செங்கோலும் ஏந்தி நிற்கிறார். அது வெற்றி உலாக் காட்சி. கான்ஸ்டன்டைன் 337இல் மறைந்தபின் வெளியிடப்பட்ட, ஏறத்தாழ 15 மி.மீ. விட்டமுள்ள சிறு செப்புக் காசில், முக்காடிட்ட பேரரசர் தேரில் மேலெழ, வானிலிருந்து ஒரு கை அவரை நோக்கி நீள்கிறது. தேய்ந்த காசில் அக்கை மறைந்துவிட்டால் அதனைச் சூரியத் தேர் எனக் கொள்ள வாய்ப்புண்டு. அவ்வாறு கொண்டால், நான்காம் நூற்றாண்டுக் காசு மூன்றாம் நூற்றாண்டினதாகக் கணிக்கப்பட்டு, வணிக வரலாற்றின் கால வரிசையே பிழைபடும்.

கிடைப்பிடத்தின் இன்றியமையாமை

கரூரில் அமராவதி ஆற்றுப்படுகையிலும் மதுரையில் வைகைப் படுகையிலும் பிற்கால உரோமானியச் செப்புக் காசுகள் கிடைத்துள்ளன. அவற்றை இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து 1994இல் நூலாக வெளியிட்டார். கிடைத்த ஆற்றுப்படுகை அறியப்பட்டதாலேயே அச்சிறு காசுகள் வரலாற்றுச் சான்றுகளாயின. புரோபஸின் சூரியத் தேர்க் காசுகளோ ஐரோப்பாவில் மிகுதியாகக் கிடைப்பவை; இன்றைய நாணயச் சந்தையில் எளிதில் வாங்கத்தக்கவை. ஆகவே ஒரு சேகரிப்பில் அவை இருப்பதாலேயே அவை தமிழகத்தில் வழங்கியவை என்று முடிவு செய்தல் பொருந்தாது.

எனவே ஆய்வாளர் எடை, விட்டம், உலோகம், அச்சுக்கூடக் குறி ஆகியவற்றுடன் காசு கிடைத்த ஊர், மண்ணடுக்கு, உடன்கிடைத்த பொருள்கள், கைமாறிய வழி ஆகியவற்றையும் பதிவு செய்தல் வேண்டும். காசைத் தேய்த்துத் துலக்குவதால் எழுத்தும் உருவக்கூறும் அழியும். மண்ணில் மறைந்திருந்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டெடுத்தோர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தின் விதி. அவ்வறிவிப்பு கிடைப்பிடத்திற்கு அரசு ஆவணச் சான்றாகவும் பயன்படுகிறது.

முடிவுரை

தேரூர்பவரின் முடியும் கைப்பொருளும் காசின் காலத்தை உணர்த்துகின்றன. கிடைப்பிடம் அதன் வரலாற்றுப் பொருளை உணர்த்துகிறது. முன்னதை அருங்காட்சியகத்திலும் ஆராய்ந்தறியலாம். பின்னது கண்டெடுத்த பொழுதிலேயே பதியப்படாவிடின் மீளப் பெறுதல் அரிது. செஞ்சியாற்றுப் படுகை ஊர்களில் தனியார் வசமுள்ள காசுகளை இவ்விரு நிலையிலும் ஆவணப்படுத்துதல், அரிக்கமேட்டு வணிகத்தின் உள்நாட்டு எல்லையை வரையறுக்கத் துணைபுரியும்.